வேப்பம்பட்டு கேமரா தெரியவில்லை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. போன வாரம் என் வீட்டு வாசல் கேமராவை வெளியூரிலிருந்து மடிக்கணினியில் பார்க்க முயன்று ஒரு மத்தியானத்தையே தொலைத்தேன். அந்தக் கோபத்தை இறக்கிவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அரவிந்தன் என்று ஒருவனைப் பிடித்துவந்து, பட்டாபிராமில் ஒரு பிளாட்டின் மூன்றாவது மாடியில் உட்காரவைத்தேன். ஐ.டி. வேலை. பாவம், எனக்கு அவன் ஒரு கெடுதலும் செய்யவில்லை.

முதல் வரி இப்படி இருந்தது: 'திரை இருண்டபோது அரவிந்தனின் இதயமும்...' வேண்டாம். (இந்த மாதிரி எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.)

2

சங்கதி இதுதான். அவன் அப்பா கோதண்டம் வேப்பம்பட்டில் தனியாக இருக்கிறார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்த உடம்பு. அவரைக் கவனித்துக்கொள்ள மகன் வாசலில் கேமரா மாட்டினான். போன மாதம் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ அவர் ஏணியில் ஏறுவதை ஆபீசிலிருந்து பார்த்துவிட்டு, கேமராவின் ஸ்பீக்கர் வழியாகவே கத்தினான். "நைனா, சொன்னா கேக்க மாட்டியா? அறிவு கீதா உனக்கு?" தெருவே திரும்பிப் பார்த்தது.

கோதண்டம் இறங்கினார். கேமராவைப் பார்த்து, "செவுத்துல ஒக்காந்துகினு பெத்தவனத் திட்றியா? இனிமே எங்கூட பேசாத," என்றார்.

அன்றிலிருந்து அவர் போன் எடுப்பதில்லை. தினமும் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார். அதைப் பார்த்துத்தான் அப்பா நன்றாக இருக்கிறார் என்று மகன் தெரிந்துகொள்வான். இன்று காலையிலிருந்து படம் வரவில்லை.

3

செல்போன் செயலி, 'சாதனம் இணைப்பில் இல்லை' என்றது. பழைய விண்டோஸ் கணினி ஏதோ ஒரு பிளக்-இன் கேட்டது. அந்த பிளக்-இன்னோ, செத்துப்போன ஒரு பிரவுசரைக் கேட்டது. மனைவி சுதாவின் மேக் கணினி, யார் செய்த மென்பொருள் என்று தெரியாமல் திறக்க மாட்டேன் என்றது. ஆபீஸ் லினக்ஸ் கணினியில் [இங்கே இரண்டு பத்தி இருந்தது. நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.] கறுப்புக் கட்டம்தான்.

"மூணே ஸ்டேஷன்ங்க. நேர்ல போய்ப் பாக்கலாம்ல?" என்றாள் சுதா.

"பாஸ்வேர்டுதான் ஏதோ தப்பு. இரு."

"மாமா விழுந்து கெடந்தா பாஸ்வேர்டு போட்டா எழுப்புவீங்க?"

செருப்பை மாட்டிக்கொண்டு அவளே ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டாள். இவன் அசையவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு முறை இவனை ரயிலேற்றி எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய்யாக இருந்தன. போய்ப் பார்த்து, அப்பா நன்றாக இருந்துவிட்டால் இவன்தான் முதலில் பேசவேண்டும். அதற்குப் பயப்படுகிறான்.*

* அவர் விழுந்து கிடப்பாரோ என்ற பயமும் உண்டு. அதனால்தான் லினக்ஸை மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் செய்கிறான்.

4

முடிவுகள். ஒன்று: சுதா போய்ப் பார்க்கும்போது அவர்... எழுத மாட்டேன். கோதண்டத்தைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டு: படம் வந்துவிடுகிறது, நாற்காலியில் அப்பா. அப்படியானால் அப்பனும் மகனும் இன்னொரு மாதம் பேசாமலே ஓட்டிவிடுவார்கள்.

அதனால் இப்படிச் செய்தேன். சுதா வேப்பம்பட்டில் பூட்டிய வீட்டின் முன்னால் நிற்கிறாள். இங்கே அரவிந்தனின் கதவுக்கு வெளியே கோதண்டம் நிற்கிறார். லிப்ட் ரிப்பேர்; ஏறக்கூடாத உடம்பு மூன்று மாடி ஏறியிருக்கிறது. கையில் துணிப்பை. அதற்குள் துண்டில் சுற்றி, ஒயரோடு பிடுங்கிய கேமரா. எந்தக் கணினியிலும் படம் வராததற்குக் காரணம் அதுதான். கூடவே ஒரு பொட்டலம் மிக்சர். (மிக்சரை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அது இருந்தால் சமாதானத்துக்கு வந்திருக்கிறார். இல்லாவிட்டால் கேமராவை முகத்தில் எறிய வந்திருக்கிறார். ஆனால் அதை நான் வைக்கவில்லை, வழியில் அவராகத்தான் வாங்கினார்.)

பெல் அடித்தார். உள்ளே அரவிந்தன் காதில் ஹெட்போன். கேமரா கம்பெனியின் கஸ்டமர் கேர் அவனைக் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டிருக்கிறது. சுதாவின் அழைப்பையும் அவன் கவனிக்கவில்லை.

கோதண்டம் ஒருமுறைதான் பெல் அடிப்பார். இரண்டாவது முறை அடிப்பது கெஞ்சுவது என்று நினைக்கிற ஆள். படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டார்.

நான் கத்தலாம். எங்கிருந்தோ கத்தி ஒருமுறை கெட்டது போதாதா? கதவுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். சீக்கிரம் திறங்கள், அவருக்கு இறங்கும்போதும் மூச்சு வாங்கும்.