திருப்பிக் கொடுத்த மருந்துச் சட்டி

சீனாவில் எங்கள் சோங்சிங்கில் குளிர்காலத்தில் வெயில் அடித்தால் ஊரே போர்வையைக் காயப்போடத் தூக்கிக்கொண்டு ஓடும். நானும் ஓடினேன். பஞ்சுப் போர்வையை ஜன்னலுக்கு வெளியே இருந்த கம்பியில் விரித்துவிட்டு உள்ளே வந்தால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் எனக்கு இப்படித்தான். நெஞ்சுக்குள் ஏதோ முட்டும். பக்கத்து வீட்டுக் குழாய்ச் சத்தம்கூட என்னை வம்புக்கு இழுப்பதாகத் தோன்றும். என் புருஷன் குவோதோங் இந்த வாரம் முழுக்க மாஜோங் சூதாடப் போய்விடுவான். தோழிகள் ஒவ்வொருத்தியாகக் கழன்றுகொண்டார்கள். மிச்சம் இருந்தது மாடி வீட்டு பெய்ஃபென் அக்கா மட்டும்தான்.

என்னை வைத்தியரிடம் இழுத்துப் போனதும் அவள்தான். அவர் இரண்டு கையிலும் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

"ஈரல்ல உயிர்க்காத்து அடைச்சுக்கிட்டு நிக்குதும்மா. அதான் கோபமா வெளிய வருது."

வேர், அதிமதுரம், புதினா என்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார். காய்ச்ச மண்சட்டி இல்லை என்றதும் அக்கா தன்னுடையதைத் தந்தாள். மருந்துச் சட்டியை இரவல் வாங்கினால் எங்கள் பக்கம் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் நோயையே அந்த வீட்டுக்கு அனுப்புவதாக அர்த்தம். தேவைப்பட்டால் அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.

குடித்ததில் கொஞ்சம் தணிந்திருந்தது, போகவில்லை.

போர்வை காயப்போட்ட அன்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் போர்வை நனைந்து கிடக்கிறது. மேலே அக்கா வீட்டுத் துணி. பிழியாமல் போட்டிருக்கிறாள்.

"அக்கா! துணியப் பிழிஞ்சு போட மாட்டீங்களா? என் போர்வையே போச்சு!"

அவள் தலையை நீட்டிச் சிரித்தாள். "ஏன்டி கத்துற? இன்னிக்கு மருந்து குடிச்சியா இல்லையா?"

கீழே யாரோ சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போர்வை நனைந்தது நிஜம். அதற்கும் மருந்துதானா? அடுப்பில் இருந்த சட்டியைக் கழுவக்கூடச் செய்யாமல் தூக்கிக்கொண்டு மாடியேறி, அவள் வாசலில் நங்கென்று வைத்தேன்.

"இந்தாங்க உங்க சட்டி. இனி நீங்களே காய்ச்சிக் குடிங்க."

அவள் முகம் வெளுத்துப்போனது. "என் வீட்டுக்கா அனுப்புற?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாதவிடாய் வந்தது, கோபம் வடிந்தது. சட்டி மட்டும் அவள் வாசலிலேயே கிடந்தது. யாரும் தொடவில்லை.

"உனக்குன்னு இருந்தது அவங்க ஒருத்தங்கதான். அதையும் கெடுத்துக்கிட்டியா?" என்றான் குவோதோங்.

"நீ வாய மூடு. மாஜோங் மேசை காத்துக்கிட்டிருக்கு, போ."

ஆனால் அவன் சொன்னது உண்மை. அடுத்த மாதம் அந்த வாரம் நெருங்கியது. பெருக்கிய இடத்தையே பெருக்கினேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். சண்டை போடக்கூட ஆள் இல்லாத வீட்டில் பயமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, போர்வை விஷயத்தில் நான் சொன்னது சரிதானே. மாடியேறிக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, உடம்பு சரியில்ல. மருந்து காய்ச்சணும். உங்க சட்டிய இரவல் குடுங்க."

என்னையே பார்த்தாள். பிறகு குனிந்து சட்டியை எடுத்தாள். உள்ளே பூசணம் பூத்திருந்தது.

"கழுவக்கூட இல்லையேடி, மூதேவி."

உள்ளே கொண்டுபோய்த் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

"துணி காயப் போட்டிருக்கேன். பிழிஞ்சுதான் போட்டேன், வேணும்னா எட்டிப் பாத்துக்கோ. இன்னொரு தடவ இந்தச் சட்டியத் திருப்பிக் கொண்டு வந்தே, கால ஒடிச்சிருவேன்."