சகலையின் கம்ப்யூட்டர்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருவிலேயே வழிகாட்ட ஆள் கிடையாது. காலையில் கருவிப் பையோடு படியிறங்கினால் வேலை முடிந்து திரும்பும்வரை வாய் ஓயாது. கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டே விலைவாசியைப் பிடிபிடியென்று பிடிப்பார். கேஸ் நிரப்பிக்கொண்டே நாட்டில் பெருகிவிட்ட அடிதடியைப் பற்றி வருத்தப்படுவார். வீட்டுக்காரர்கள் தலையாட்டுவார்கள். ஐஸ்கிரீம் உருகுவதற்குள் வேலை முடிந்தால் போதும் என்றுதான் அவர்கள் ஆட்டினார்கள் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. தான் சொல்வதை ஊரே காது கொடுத்துக் கேட்கிறது என்ற நினைப்பில் சந்தோஷமாக இருந்தார்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது, சகலை கம்ப்யூட்டர் வாங்கிய பிறகுதான்.

சகலைக்கு மருந்துக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற வேலை. ரேடியோவின் மனைவிக்குத் தங்கை புருஷன். அவர் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிடும். ரேடியோ பேசுவார், சகலை சாப்பிடுவார். இருவருக்குமே அந்த ஏற்பாடு பொருந்தியிருந்தது.

மூடிவிட்ட ஒரு ஆபீஸில் மலிவாகக் கிடைத்ததென்று பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து, கூடத்தில் ஜன்னலோர மேசையில் வைத்திருந்தார் சகலை. ரேடியோ அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழசு என்றைக்கிருந்தாலும் காலை வாரும், கரண்ட்டைக் குடித்தே தீர்த்துவிடும், குழந்தை இருக்கிற வீட்டில் சுட்டுத்தள்ளுகிற விளையாட்டெல்லாம் தானாக வந்து உட்காரும், இன்றைக்கு ஆளுக்கு ஆள் அடித்துக்கொள்வதற்கே இந்தப் பெட்டிதான் காரணம் என்று சாப்பாடு ஆறும்வரை அபிப்பிராயம் சொன்னார். சகலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மோர் வேண்டுமா என்று மட்டும் விசாரித்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பல் டாக்டரம்மா வீட்டில் ஃப்ரிட்ஜ் வேலை. ரேடியோ வழக்கம்போலத் தொடங்கினார். பிஸ்கட் பாக்கெட்டைப் பாருங்கம்மா, சைஸ் அதே, விலை அதே, உள்ளே பாதி காற்று என்றார். டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தார். நானும் படித்தேன், ரொம்ப நன்றாக எழுதியிருந்தார் என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைத் திறந்து வாசித்தே காட்டினார். சாதாரண ஜனங்கள் தங்களுக்குத் தோன்றியதை எழுதுகிற ஒரு தளம் அது. எழுதியவர் தன் பெயரைக் 'கிடங்குக்காரன்' என்று போட்டிருந்தார்.

"கம்பெனிக்காரன் விலையை ஏற்றவில்லை. நம் குழந்தைகளின் பசியைக் குறைத்துவிட்டதாகக் கணக்குப் போட்டுக்கொண்டான்."

ரேடியோவின் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. விஷயம் அவருடையது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர் மூச்சுப் பிடித்துப் பேசியது. அதைத் தூக்கி இரண்டே வரியில் அடக்கி, ஊரார் மெச்சும்படி வைத்திருந்தான் ஒருவன். அவன் யாரென்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கீழே எத்தனையோ பேர் பாராட்டியிருந்தார்கள். அவர் என் சகலைதான் என்று டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் மிச்ச வேலையை அவர் பேசாமலே முடித்தார்.

அடுத்த ஞாயிறு நேரிடையாகக் கேட்டார். சகலைக்கு முகம் சிவந்துவிட்டது. சும்மா எழுதிப் பார்ப்பதாகவும், அண்ணன் பேசுவதெல்லாம் வீட்டுக்குத் திரும்பியும் காதிலேயே நிற்பதாகவும் சொன்னார். ரேடியோ பெரிதாகச் சிரித்து முதுகில் தட்டிக்கொடுத்தார். சாப்பாட்டைத்தான் பாதியில் விட்டு எழுந்தார்.

அந்த மாதமே தவணையில் புத்தம்புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். சகலையுடையதைவிடப் பெரிய திரை. வாஷிங் மெஷினுக்கென்று ஒதுக்கிவைத்தது அதில் போயிற்று. மனைவி வாளியில் துணியை ஊறவைத்துக்கொண்டே, யார் சுட்டுத்தள்ளப் போகிறார்கள் இதில் என்று கேட்டாள். அவர் கவனிக்காதது போல இருந்தார். இரண்டு விரலால் தட்டித் தட்டி, 'விலைவாசியும் வன்முறையும் வீட்டுக் கம்ப்யூட்டரும்: ஒரு முழுமையான பார்வை' என்று முதல் கட்டுரையை ஏற்றினார். வாயால் பேசுவதை அப்படியே எழுதியிருந்தார். வந்தது இரண்டு பதில். ஒன்று, பத்தி பிரித்து எழுதவும் என்று யாரோ ஒருவர். மற்றொன்று கொழுந்தியாள்: 'சூப்பர் அத்தான்.' அவள் படித்திருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

அதன்பிறகு தன் கட்டுரையைத் திறப்பதற்கு முன்பு கிடங்குக்காரனின் பக்கத்தைத் திறப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. பிரிண்டர் விலை குறைவு, மை விலைதான் ஆளைக் கொல்கிறது என்று சகலை எழுதினால், அதற்கு எத்தனை பேர் ஆமாம் போட்டார்கள் என்று பார்ப்பார். யாராவது ஒருவர் குறை சொல்லியிருந்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல தூக்கம்.

இந்தச் சமயத்தில்தான் கடைத்தெருவில் அந்தச் சம்பவம் நடந்தது. இரண்டு பேரும் சேர்ந்து பல்பு வாங்கப் போயிருந்தார்கள். போனைத் திருடிவிட்டான் என்று ஒரு இளைஞனைப் பிடித்து ஏழெட்டுப் பேர் தரையில் தள்ளி மிதித்தார்கள். கடைசியில் போன் சொந்தக்காரர் பைக்குள்ளேயே இருந்தது. ரேடியோ அந்த வாரம் முழுக்க, போன வீட்டிலெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். அடித்தவன் போட்டிருந்த சட்டை நிறம் முதல், விழுந்தவன் செருப்பு பறந்துபோய் விழுந்த இடம்வரை நடித்துக் காட்டினார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

சகலை அதை எழுதினார். கட்டுரை சின்னதுதான். ஊர் பெயர், கடைத்தெரு பெயர் எதுவும் இல்லை. 'அடித்தவர்கள் கொஞ்சம் பேர். நின்று பார்த்தவர்கள் நிறையப் பேர். நானும் அவர்களில் ஒருவன். கையில் இருந்த பல்பு கூட்டத்தில் உடைந்துவிடக் கூடாதே என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பையனை அணைக்க யாருமில்லை.'

ரேடியோ இதைப் பலமுறை படித்தார். இத்தனை தடவை அந்தக் கதையைச் சொன்னவருக்கு, பக்கத்தில் நின்றவன் கையில் பல்பு இருந்தது கண்ணில் படவேயில்லை. வயிறு எரிந்தது. எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் அழுததாக எழுதியிருந்தார்கள். டாக்டரம்மாவும் எழுதியிருந்தார்.

அவர் புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினார். 'நேர்மையாளன்' என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தப் பெயருக்குள் புகுந்ததும் வாய்க்கு வந்தபடி எழுத வந்தது. இவன் அடுத்தவன் பேச்சைத் திருடிப் பிழைக்கிறவன், கோழை, வெட்கமில்லாமல் அதையும் எழுதிப் பெயர் வாங்குகிறான் என்று போட்டார். உடனே இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். முதன்முறையாக அவர் எழுதியதற்கு ஆமாம் விழுந்தது. அந்த ருசியில் மறுநாள் ஊர் பெயரையும் போட்டு இன்னும் எழுதினார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பச்சை கேட் போட்ட வீட்டில் சுகமாக உட்கார்ந்துகொண்டு, நம் கடைத்தெரு ஆட்களை ரவுடிகள் என்று எழுதுகிறான், கேட்பாரில்லையா என்று.

கேட்பார் இருந்தார்கள். அன்று அடித்தவர்களில் யாரோ, அவர்களுக்கு வேண்டியவர்களோ, அந்தத் தளத்தைப் பார்த்துவிட்டார்கள். வீடு தெரிந்துவிட்டது, வருகிறோம் என்று ஒருவன் எழுதினான். ரேடியோ பயந்துபோய், தான் போட்டதை அழிக்கப் பார்த்தார். அழிக்கிற வழி அந்தத் தளத்தில் கிடையாது. வாய்ச்சவடால்தானே, இவனெல்லாம் எங்கே வரப்போகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஜன்னலை உடைத்துக்கொண்டு கல் வந்து விழுந்தது. சகலையின் மகள் கம்ப்யூட்டரில் வீடு வரைந்து அதற்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிச் சில்லு முழங்கைக்கு மேலே ஆழமாகக் கிழித்துவிட்டது. தையல் போட வேண்டியதாயிற்று. போலீஸில், யாரென்று தெரியாத ஆள் மேல் புகார் எழுதிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

ரேடியோ போனபோது குழந்தை கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல், வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தியாள் அவரைக் கண்டதும் உடைந்துபோனாள்.

"நீங்க ரெண்டு நாள் இங்கயே இருங்க அத்தான். இவருக்கு ஒரு சத்தம் போடக்கூடத் தெரியாது. நீங்க இருந்தாத்தான் எங்களுக்குத் தைரியம்."

மறுக்க முடியவில்லை. பைப் ரெஞ்சை மடியில் வைத்துக்கொண்டு பச்சை கேட்டுக்கு உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போகிற வருகிறவர்கள் விசாரித்தார்கள். சகலை என்றால் இப்படியல்லவா இருக்கணும் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். கொழுந்தியாள் வேளாவேளைக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு வாயும் கசந்தது. இதற்கு நடுவிலும், கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சகலை சொன்னபோது, அட, அதுவாவது உடைந்திருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு வந்துபோனது. தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை காலை குளித்து உடை மாற்ற வீட்டுக்கு வந்தார். மனைவி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தங்கைக்கு வந்த மிரட்டலைத் தானும் படிப்போமென்று திறந்திருக்கிறாள். தளம் திறந்ததும் மேலே, வருக நேர்மையாளன் என்று வந்திருக்கிறது. அவர் அந்தக் கணக்கிலிருந்து வெளியே வர மறந்திருந்தார்.

அவள் கத்தவில்லை. திரையைப் பார்த்தபடியே பேசினாள்.

"அந்தக் குழந்தை உங்க மடியில வளந்தது."

அவர் ஏதோ ஆரம்பித்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சகலை அன்று லீவு போட்டிருந்தார். ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி பொருத்த அளவெடுத்துக்கொண்டிருந்தார். ரேடியோ வாழ்க்கையிலேயே சுருக்கமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

"தம்பி, அந்த நேர்மையாளன் நான்தான். வீட்டு அடையாளம் எழுதினதும் நான்தான்."

சகலை டேப்பைச் சுருட்டினார். சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைத்தார். அப்புறம் திரும்பி, ஓங்கி ஒரு அறை விட்டார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்குமென்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. ரேடியோ சுவரில் சாய்ந்துவிட்டார். சகலை தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வலித்த கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது ரேடியோவுக்குள் ஒரு அற்ப சந்தோஷம் எட்டிப்பார்த்தது. அடிதடி கூடாதென்று ஊருக்கு எழுதியவன் கை நீட்டிவிட்டான். இனி அவன் மட்டும் என்ன ஒசத்தி? தெருமுனை தாண்டுவதற்குள் குழந்தையின் கட்டுப்போட்ட கை ஞாபகம் வந்தது. அந்தச் சந்தோஷமும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றுபோனது. அக்காளும் தங்கையும் போனில் மட்டும் பேசிக்கொண்டார்கள். ரேடியோ தளத்தில் நேர்மையாளன் பெயரிலேயே, தான் எழுதியது அத்தனையும் பொய், பொறாமையில் எழுதியது என்று ஒரு வரி போட்டார். அதற்கு யாரும் பதில் எழுதவில்லை. வாடிக்கையாளர் வீடுகளில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

குழந்தைக்குத் தையல் பிரித்த வாரம், சகலையிடமிருந்து போன் வந்தது. வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். ரேடியோ போனார். கொழுந்தியாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். குழந்தை மட்டும் வந்து தழும்பைக் காட்டியது. சகலை கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒண்ணு எழுதியிருக்கேன் அண்ணா. நீங்க சரின்னு சொன்னா மட்டும் போடறேன். இல்லேன்னா இப்பவே அழிச்சிடறேன்."

'நான் ஒருவரை அடித்தேன்' என்று தலைப்பு. ரேடியோ நிதானமாகப் படித்தார். அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை இல்லை. கல், குழந்தை, எல்லாம் சுருக்கமாக இருந்தது. மிச்சமெல்லாம் சகலை தன்னைப் பற்றி எழுதியிருந்தார். 'அடிப்பதற்கு முன் டேப்பைச் சுருட்டிப் பத்திரமாக வைத்தேன். கோபத்தில் கண் தெரியவில்லை என்று இனி யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். எனக்கு நன்றாகக் கண் தெரிந்தது.'

டேப்பை வைத்ததை ரேடியோவும் பார்த்திருந்தார். எதிரில்தானே நின்றார். அதில் இவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. பழைய எரிச்சல் அடிவயிற்றிலிருந்து மெதுவாகக் கிளம்பி மேலே வந்தது. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று மறுபடி முதலிலிருந்து படித்தார். கிடைக்கவில்லை.

"போடுங்க தம்பி" என்றார்.

சகலை அதை ஏற்றினார். கொஞ்ச நேரத்திலேயே பதில்கள் வரத் தொடங்கின. ஒருவர் தன் மகனை அடித்ததைச் சொன்னார். இன்னொருவர் நன்றி என்று மட்டும் எழுதியிருந்தார். வந்துகொண்டே இருந்தது. ரேடியோ ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு எழுந்தார். அடுக்களையிலிருந்து கொழுந்தியாள் காபியைக் கொண்டுவந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நின்றபடியே குடித்தார்.

கேட்வரை சகலை கூட வந்தார்.

"அடிச்சது இன்னும் மனசுல இருக்கா அண்ணா?"

"அது எனக்கு வேண்டியதுதான். அதுல வருத்தமில்ல" என்றார் ரேடியோ. கொஞ்ச நேரம் கேட்டின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டு நின்றார். "நல்லா எழுதியிருக்கீங்க. அதத்தான் தாங்க முடியல."

சகலை கேட்டைத் திறந்துவிட்டார். ரேடியோ கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அடுத்த வீட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தார்.