கைலிக்கு ஏற்ற கைத்துப்பாக்கி

தண்ணீர்மலை முருகன் சன்னதியில் ஈர வேட்டியோடு நின்று, கற்பூரத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நீங்கள் நம்ப மாட்டீர்களே என்று சில உண்மைகளைக் குறைத்திருக்கிறேன். கூட்டி எழுதிய இடம் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் பினாங்கு சூலியா தெருவில் சிக்கந்தர் மரைக்காயர் என்று ஒரு ரத்தின வியாபாரி இருந்தார். ஆள் ஒல்லி. பலத்த காற்றடித்தால் கடையின் கதவைப் பிடித்துக்கொள்வார். ஆனால் இடுப்பு பெல்ட்டுக்குள் புறா முட்டை அளவு சிவப்புக்கல் ஒன்றை வைத்துக்கொண்டுதான் ஊரெல்லாம் நடப்பார். அவருக்குப் பக்கத்திலேயே நின்று உயிரையும் கல்லையும் காப்பது என் வேலை. அதற்கு முன் கடலுக்கு அக்கரையில், பிறை ஸ்டேஷனில் ரயிலுக்குக் கரி அள்ளிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மீன்காரர் மூலம் சேதி வந்தது. அனுப்பியவன் ஒற்றைக் கடுக்கன் சுப்பையா. அந்தக் காலத்து சம்செங்கு ரவுடிகள் முறை தெரிந்தவர்கள், சொல்லிவிட்டுத்தான் கொள்ளையடிப்பார்கள். புக்கிட் மெர்தாஜாமில் மரைக்காயரின் மச்சான் யூசுப் மகளுக்குக் கல்யாணம், அங்கே விருந்தில் வந்து கல்லை வாங்கிக்கொள்கிறேன், சிரமத்துக்கு மன்னிக்கவும் என்று சொல்லியிருந்தான்.

மரைக்காயர் என்னைக் கூப்பிட்டார்.

"அர்ஜுனா, தடியை வச்சுக்கிட்டு இனி ஆவாது. போலீசுல லைசென்ஸ் சொல்லி வச்சாச்சு. நீயே போயி நல்ல துப்பாக்கியாப் பாத்து எடு. விருந்துல கல்லு போச்சுன்னா காவலுக்கு சீக்கிய ஜாகா ஒருத்தர் தயாரா இருக்காரு. நீ பழையபடி பிறைக்குப் போயிக் கரி அள்ளுலா."

கரித்தூள் மூக்கில் போனவனுக்குத்தான் அந்த மிரட்டலின் கனம் தெரியும். அன்றே பீச் ஸ்ட்ரீட்டில் துப்பாக்கி விற்கும் வெள்ளைக்காரக் கிழவரிடம் போனேன். பச்சை வெல்வெட்டை விரித்து வரிசையாக அடுக்கினார். வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று என்று எடுத்து, மார்க்கெட்டில் கத்திரிக்காயைத் தூக்கிப் பார்ப்பது மாதிரி பார்த்தேன். கடைசியில் பட்டாளத்து ரிவால்வர் ஒன்று மனசுக்குப் பிடித்தது. பெரியது. அதைப் பார்த்தாலே திருடன் மனம் திருந்தி மளிகைக் கடை வைத்துவிடுவான் என்று தோன்றியது.

அதைக் கைலியில் செருகிக்கொண்டு மரைக்காயருக்குப் பின்னால் கம்பீரமாக நடந்தேன். சூலியா தெரு முனையில் ரிக்‌ஷாவுக்கு வழிவிட ஒரு எட்டு குதித்தேன். ரிவால்வர் பூமியை நோக்கிப் புறப்பட்டது. கைலியும் துணைக்குப் போனது. நான் மட்டும் நடுத்தெருவில் நின்றேன். இரண்டு கையாலும் கைலியை அள்ளிப் பிடித்தேன். துப்பாக்கியை எடுக்க மூன்றாவது கை இல்லை. மரைக்காயரே குனிந்து எடுத்து, அதை ஏந்திக்கொண்டு எனக்குக் காவலாகக் கடை வரைக்கும் வந்தார்.

மரைக்காயரின் மனைவி சித்தி ஹாஜரா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார்.

"யாரு யாருக்குக் காவலுங்க? அந்தத் தம்பிக்கு ஒரு காச்சட்டை தச்சுக் கொடுங்க. தெருவே சிரிக்குது."

காக்கிக் கால்சட்டை வந்தது. துப்பாக்கி நன்றாக உட்கார்ந்தது. ஆனால் வேறொரு சங்கடம். அந்தத் தெருவில் காக்கிக் கால்சட்டை போட்ட தமிழன் என்றால் முனிசிபல் ஆள் என்று அர்த்தம். என் தலை தெரிந்ததும் நாசி கண்டார் சோறு விற்பவர் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஓடினார். தேத்தண்ணிக்காரர் அடுப்போடு ஓடினார். கரும்புச்சாறு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடியதை என் கண்ணால் பார்த்தேன், அது மூன்று ஆள் கனம். மரைக்காயர் கடைத்தெருவில் போகிற இடமெல்லாம் வெறிச்சோடியது. உயிருக்கு ஆபத்தில்லை, உண்மைதான். தேத்தண்ணியும் இல்லை.

"கைலிக்கே மாறிருப்பா. நாக்கு வறண்டு நான் செத்தா அதுக்கும் நீதான் பொறுப்பு" என்றார்.

மறுபடி கிழவரிடம் போய், எடை குறைந்ததாகக் கேட்டேன். பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் பிஸ்டல் ஒன்றைக் கொடுத்தார். கைலி மடிப்பில் வைத்தால் வைத்த இடம் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. தேடி எடுப்பதற்குள் எதிரி வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம். மரைக்காயர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இத நீட்டுனா சுப்பையா பொடி டப்பின்னு நெனச்சு ஒரு சிட்டிகை எடுத்துக்குவான்."

மூன்றாவது நீளக் குழாய்த் துப்பாக்கி. குறி அபாரம், தூரத்து மாடியில் காயும் புடவையின் கொசுவத்தைக்கூட எண்ணி அடிக்கலாம். ஆனால் உருவும்போது முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரக் கிழவர் பொறுமை இழந்து, மலாயில் எனக்குப் புரியும்படி பாடம் எடுத்தார். முதலாளியின் முழங்கையை உரசிக்கொண்டு நிற்கிறவனுக்குத் தூரம் எதற்கு? சட்டென்று வர வேண்டும், துணியில் மாட்டக் கூடாது, பதற்றத்தில் எந்த ஆணியைத் தள்ளுவது என்று யோசிக்க வைக்கக் கூடாது. சொல்லிக்கொண்டே கட்டைக்குழாய் ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தார். அதன் சுத்தியல் வெளியே நீட்டாமல் உடம்புக்குள் அடங்கியிருந்தது. கைலியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. கைலியும் இடுப்பிலேயே நின்றது.

சித்தி ஹாஜரா பரீட்சை வைத்தார். நின்றுகொண்டு உருவினேன். உட்கார்ந்து உருவினேன். ஓடும் ரிக்‌ஷாவிலிருந்து உருவினேன், ரிக்‌ஷாக்காரர் வண்டியை விட்டுவிட்டு ஓடிப்போனார். தும்மிக்கொண்டே உருவினேன். மரைக்காயர் மனநிறைவோடு தலையாட்டினார். ஒன்றே ஒன்றை எல்லோரும் மறந்துவிட்டோம். சோறு.

கல்யாணத்தன்று ஃபெர்ரியில் பிறைக்குப் போய், அங்கிருந்து ரயிலேறினோம். பிறையில் கரி அள்ளிக்கொண்டிருந்த பழைய கூட்டாளிகள், "என்னா அர்ஜுனா, உன் மம்மட்டியைப் பத்திரமா வச்சிருக்கோம்லா!" என்று கத்தினார்கள். நான் ரயிலின் மறுபக்க ஜன்னலுக்கு மாறி உட்கார்ந்தேன்.

மரைக்காயர்மார் வீட்டு விருந்துகளில் ஆளுக்கொரு இலை கிடையாது. சஹன் என்னும் பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஒருவரைக் காக்க இதைவிட நெருக்கமான இடம் உண்டா? மரைக்காயர் என்னையும் தன் சஹனிலேயே உட்காரவைத்தார். ஆட்டுக்கறியும் தால்ச்சாவும் வந்தன. வேலையில் கண்ணாக இருந்துகொண்டே மணிக்கட்டு வரை சோற்றில் இறங்கினேன்.

வாசலில் ஒற்றைக் கடுக்கன் மின்னியது. சுப்பையா சுத்தமான சட்டை போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி வந்து நின்றான். கையில் மட்டும் மீன் வெட்டும் கத்தி.

"மரைக்காயர் அண்ணே, எல்லாருக்கும் சலாம். கல்லு?"

என் வலது கை பாய்ந்தது. கைப்பிடியைப் பிடித்தது. நெய். ரிவால்வர் விலாங்கு மீனாக நழுவி மடியில் விழுந்தது. விட்டேனா? இடது கையால் அதை அள்ளி, அவன் மார்புக்கு நேரே நீட்டினேன்.

சுப்பையாவின் முகம் சுருங்கியது. பயத்தினால் அல்ல.

"யோவ்! என்னா இது? நாலு பெரிய மனுசங்க முன்னால எனக்கு பீச்சாங்கையாலயா நீட்டுற?"

"அவசரம்ணே…"

"என்னா அவசரம்? சொல்லிட்டுத்தானே வந்தேன்? மரியாதையா வலது கையில காட்டுனா சுட்டுட்டுக்கூடப் போ, நான் ஏதாச்சும் கேட்டேனா?"

பெண்ணின் தகப்பனார் யூசுப் எழுந்துவிட்டார். "தம்பி, எறக்குப்பா. வாசல்ல வந்தவர அப்படியா நடத்துறது? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்குறாங்க லா!"

மரைக்காயரே என் காதில் பல்லைக் கடித்தார். "மானத்த வாங்காத. கையக் கழுவிட்டு வந்து ஒழுங்காச் செய்யி."

"போ, கழுவிட்டு வா," என்றான் சுப்பையா, பெருந்தன்மையாக. "நான் எங்க போயிறப் போறேன்?"

கழுவப் போனால் அங்கே வரிசை. பெரியவர்கள் முதலில். ஒரு ஹாஜியார் விரல் விரலாகக் கழுவினார். அதற்குள் பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து சித்தி ஹாஜராவின் குரல் வந்தது.

"அந்த அண்ணன நிக்க வச்சே பேசுவீங்களா? ஒரு வாய் சாப்புடச் சொல்லுங்க. கறி ஆறுது."

"வேணாம்மா, வேலையா வந்தேன்," என்றான் சுப்பையா.

"வேல எங்கயும் போவாது. உக்காருங்க."

திரைக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் சொல்லி உட்காராத ஆண்பிள்ளையை நான் பார்த்ததில்லை.

நான் கை துடைத்துக்கொண்டு, ரிவால்வரை முறைப்படி வலது கையில் ஏந்தி வந்தபோது, சுப்பையா என் இடத்தில் மரைக்காயரோடு ஒரே சஹனில் உட்கார்ந்திருந்தான். வலது கை சோற்றுக்குள். கத்தி தொடைக்குப் பக்கத்தில் தரையில். என்னைப் பார்த்ததும் அதை எடுத்தான். வழுக்கியது. மறுபடி எடுத்தான். தட்டில் விழுந்து ஒரு உருளைக்கிழங்கை இரண்டாக்கியது. இடது கை மெல்லக் கிளம்பியது. சபை முழுவதும் அந்தக் கையையே பார்த்தது. யூசுப் தொண்டையைக் கனைத்தார். கை மடிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

என் நிலையும் அதுதான். சாப்பிடுகிறவனைச் சுட முடியுமா?

"முடிச்சிருங்கண்ணே, நான் நிக்கிறேன்," என்றேன்.

அவனும் விஷயத்தைப் புரிந்துகொண்டான். சாப்பிடும் வரைதான் உயிர். "அக்கா, இன்னும் கொஞ்சம் சோறு," என்றான். சித்தி ஹாஜரா இன்னொரு சஹனை அனுப்பினார். பிறகு இன்னொன்று. மாப்பிள்ளை வீட்டார் பந்திக்குப் பந்தி மாறினார்கள், அவன் மாறவில்லை. அன்று அந்தக் கல்யாணத்துக்கு அறுத்த ஆடுகளில் ஒன்று முழுக்க அவனோடு போனது. கடைசியில் கண்ணில் நீர் தளும்ப, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"மரைக்காயர் அண்ணே, ஒங்க தட்டுல தின்னுட்டேன். இனிமே எந்த மொகத்த வச்சுக்கிட்டு ஒங்க இடுப்புல கை வப்பேன்? நல்லா மாட்டி விட்டீங்க லா." வாசல் வரை போனவன் திரும்பினான். "வீட்டுக்குக் கொஞ்சம் தால்ச்சா கெடைக்குமா?"

கல் மரைக்காயரின் இடுப்பிலேயே இருந்தது. என் வேலையும் இருந்தது. ரயிலில் திரும்பும்போது மரைக்காயர், என் கைலியின் வலப்பக்கத்திலிருந்த ரிவால்வரை உருவி இடப்பக்கத்தில் செருகினார்.

"சோத்துக் கை சோத்துக்கு இருக்கட்டும். அடுத்தவன் என்னா சொல்றான்னு அப்புறம் பாத்துக்கலாம்."

அன்றிலிருந்து இடது கையைப் பழக்கினேன். கடலுக்கு அந்தக் கரையில் பாகானில் பறக்கும் காக்கையின் மூக்கை, காக்கைக்கு வலிக்காமல், இந்தக் கரையில் நின்றபடி இடது கையால் தட்டிவிடுவேன். மரைக்காயர் படுத்த படுக்கையாகும் வரை பதினேழு வருஷம் அந்த இடது கைதான் அவரைக் காத்தது.

மரைக்காயரிடம் வேலைக்குச் சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்பு, சுங்கை பினாங்கில் ஒரு அரிசி ஆலையின் இயந்திரத்தில் சிக்கி, என் இடது கை முழங்கையோடு போயிருந்தது.