நாலு விரல் உயரம்

அந்த ரயில் நிலையத்துக்கு வந்து போகிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு மஞ்சள் கோடு இருப்பதே தெரியாது. கண்ணில் பட்டவர்களும் ஏதோ அழகுக்குப் போட்டது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் பேருந்து நிலையம், மாநில அரசுடையது. அந்தப் பக்கம் ரயில் நடைமேடை, மத்திய அரசுடையது. இரண்டு பக்கமும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கென்று புத்தம் புதிதாகச் சாய்தளம் கட்டியிருந்தார்கள். இரண்டும் அந்தக் கோட்டில் வந்து சேர வேண்டும். சேரவில்லை. ரயில்காரர்களின் தளம் நாலு விரல் உயரமாக நின்றது.

யார் மேலும் தப்பில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். பேருந்துக்காரர்கள் எதை அளந்தாலும் தார்ச்சாலையின் மட்டத்திலிருந்து அளப்பார்கள். ரயில்காரர்கள் தண்டவாளத்தின் தலையிலிருந்து அளப்பார்கள். அவரவர் ஆய்வு அவரவர் பணத்தில் நடந்தது. அவரவர் நிபுணர்கள் தலையாட்டினார்கள். அவரவர் பக்கத்தைக் கோடு வரைக்கும் கச்சிதமாகக் கட்டி, ரிப்பன் வெட்டி, படமும் எடுத்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் என்ன உயரத்தில் வருகிறது என்று ஒரு ஃபோன் போட்டுக் கேட்க மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இந்த மாதிரி இடங்களில் இரண்டு பக்கத்தையும் பேசிச் சேர்த்துவைக்க மாநிலப் போக்குவரத்து ஆய்வுப் பிரிவில் ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பதவி உண்டு. அந்தப் பதவியில் இருந்தவளுக்கு அலுவலகத்தில் 'தரகரம்மா' என்று பெயர். பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்துவைப்பது போல மாநிலத்தையும் மத்தியையும் சேர்த்துவைக்கிறாளாம். அவள் சிரித்துக்கொள்வாள். கல்யாணத் தரகருக்காவது கடைசியில் ஒரு சாப்பாடு கிடைக்கும் என்பாள்.

ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு ஒரு கூடை சிமெண்டைக் கொட்டினால் தீராதா என்று கேட்காத ஆளில்லை. தீராது. இந்தப் பக்கம் கொட்டினால் சரிவு செங்குத்தாகி நாற்காலி பின்னால் உருளும். அந்தப் பக்கம் செதுக்கினால் நடைமேடையின் மழைநீர் வாய்க்கால் உடையும். தவிர, இதே கோளாறு இன்னும் எத்தனையோ நிலையங்களில் இருந்தது. இரண்டு துறையும் பாதிப் பாதிப் பணம் போட்டு, சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தி, இரண்டுக்கும் பொதுவாக ஒரே அளவை வகுக்க வேண்டும். பணமும் இரண்டு பக்கமும் ஒதுக்கி வைத்தாயிற்று. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மத்திய அரசு கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாநிலம் போடலாம் என்று இங்கே விதி. மாநிலம் போட்ட பிறகுதான் மத்திய அரசு போடலாம் என்று அங்கே விதி.

"முதல்ல அவங்க வரட்டும்மா" என்பார் அவளுடைய இயக்குநர். நல்ல மனிதர். யாராவது தும்மினால்கூடத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்.

"அவங்க போட்ட உடனே நாங்க போட்டுடுவோம், கவலையேபடாதீங்க" என்பார் ரயில்வே ஆய்வு அதிகாரி. அவரும் நல்லவர்தான். ஒரு வருடமாக இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் பந்து மாதிரி உதைபட்டுக்கொண்டிருந்தாள் தரகரம்மா.

இந்த நிலைமையில்தான் அவள் தம்பிக்கு வேலை கிடைத்தது.

தம்பிக்கு முப்பது வயது. மாடிக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அரட்டை அடித்தவன் பின்பக்கமாக விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய் ஐந்து வருடம் ஆகிறது. வீட்டில் அக்காவும் தம்பியும் மட்டும்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல் கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டான். ரயிலில் இரண்டு நிலையம் தள்ளியிருக்கும் கண்ணாடிக் கடையில் அவன் கைவேலையைப் பார்த்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊருக்குச் சாலை வழியாகப் போகிற பேருந்து எதிலும் நாற்காலி ஏற வழியில்லை. ரயில்தான் கதி.

"அந்த ஸ்டேஷன்ல போர்ட்டருங்க இருப்பாங்கடா. நான் சொல்லி வெக்கறேன். தூக்கி விட்டுடுவாங்க" என்றாள் அவள்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "தூக்கிதான் போகணும்னா எனக்கு அந்த வேலையே வேணாம்க்கா."

"நல்ல மனுஷங்கடா."

"என்னைத் தூக்கறவங்க எல்லாரும் நல்லவங்கதான். அதான் தொல்லையே. கெட்டவனா இருந்தா ரெண்டு திட்டு திட்டலாம். இவங்களைப் பார்த்துச் சிரிச்சு வெக்கணும். ஒருத்தன் அக்குள்ல கை குடுப்பான், இன்னொருத்தன் காலைப் பிடிப்பான். 'எங்க வெக்கணும்'னு என் தலைக்கு மேல உன்னைக் கேப்பாங்க. நான் என்ன பீரோவா? காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, தினம் என்னால சிரிக்க முடியாது."

அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே ஒரு வேலை செய்தாள். யார் முதலில் என்பதுதானே வழக்கு, இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வரவழைத்துவிட்டால்? அந்தக் கோட்டருகிலேயே கூட்டு ஆய்வு நாள் என்று ஒன்றை ஏற்பாடு செய்தாள். ஒப்பந்தத்தின் இரண்டு பிரதிகளும் தயாராக இருக்கும். ஒரு பயணி நாற்காலியில் பேருந்திலிருந்து இறங்கி ரயில் வரை போய்க் காட்டுவார். கண்ணால் பார்த்தால் மனசு இளகும் என்பது கணக்கு. கோட்டின் மேல் போட ஒரு தற்காலிக இரும்புப் பலகை வேண்டும் என்று ஒப்பந்தத்தின் முதல் கட்டத்திலேயே எழுதியும் வைத்தாள். அந்தப் பலகை மட்டும் வந்துவிட்டால் தம்பி தானாகவே வேலைக்குப் போய்விடுவான்.

பயணியாக வரத் தம்பியையே கேட்டாள். அவன் தன் அக்காவை நன்றாக அறிந்தவன். "ஒரே நிபந்தனை. யாரும் தூக்கக் கூடாது" என்றான். சரி என்று சத்தியம் செய்தாள். போர்ட்டர்களிடம் சொன்னாள், பேருந்து நடத்துநரிடம் சொன்னாள், நிலைய மேலாளரிடம் சொன்னாள். அதிகாரிகளிடம் சொல்லவில்லை. அவர்கள் குனிவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வருகிறவன் தன் தம்பி என்பதையும் அலுவலகத்தில் மென்று முழுங்கிவிட்டாள்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. இயக்குநர் தன் பரிவாரத்தோடு கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றார். ரயில்வே அதிகாரி தன் ஆட்களோடு அந்தப் பக்கம் நின்றார். கோட்டின் மேல் நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள், ஆனால் யாரும் தாண்டவில்லை. நாற்காலி இறங்க வசதியுள்ள தாழ்தள நகரப் பேருந்து வந்தது. தம்பி இறங்கினான். சாய்தளத்தில் கைகளை வீசிச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அழகாக ஏறி வந்தான். கோட்டில் வந்ததும் முன்சக்கரம் அந்த நாலு விரலில் முட்டிக் குலுங்கி நின்றது. ஒரு கணம் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"ஐயோ!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். இயக்குநர் இடது பக்கம் பாய்ந்தார், ரயில்வே அதிகாரி வலது பக்கம். "எடு... எடு... ஆச்சு!" என்று நாற்காலியோடு அவனைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு வருடத்தில் இரண்டு துறையும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

"அவ்வளவுதான் விஷயம்!" என்று மூச்சிரைக்கச் சிரித்தார் இயக்குநர். "ரெண்டு பக்கமும் ஒரு ஆளைப் போட்டா முடிஞ்சுது."

"நானும் அதையேதான் நினைச்சேன்" என்றார் ரயில்வே அதிகாரி, சட்டைக் கையை இறக்கிவிட்டபடி. "இதுக்குப் போயி ஆய்வு எதுக்கு? எங்க பக்கம் ஒருத்தரை நான் போட்டுடறேன்."

"இங்க நான் போட்டுடறேன். அவரை வெச்ச இடம் சரியா இருக்காம்மா?" என்று தரகரம்மாவைப் பார்த்துக் கேட்டார் இயக்குநர்.

இரண்டு துறையும் ஒத்துப்போய்விட்டது. இந்த வார்த்தைக்காகத்தான் அவள் ஒரு வருடம் நாயாய் அலைந்தாள். தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். உதடு மட்டும் சிரிக்கிற அந்தச் சிரிப்பு. அவன் விரல்கள் சக்கரத்தைப் பிடித்த பிடியில் நகக்கண் வெளுத்திருந்தது. யாரிடமும் முடியாது என்று சொல்லியே பழக்கமில்லாதவள் அவள். அப்படிச் சொல்லாமலிருப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"வேணாம் சார்" என்றாள்.

"என்னம்மா?"

"ஆள் போட வேணாம் சார். அவன் என் தம்பி. உங்ககிட்ட சொல்லாதது என் தப்பு, அதுக்கு என்ன வேணா நடவடிக்கை எடுங்க. ஆனா யாரும் தூக்க மாட்டாங்கன்னு சத்தியம் பண்ணி கூட்டிட்டு வந்தேன்."

இயக்குநரின் முகம் வாடிவிட்டது. "நல்ல எண்ணத்துலதானேம்மா..."

"தெரியும் சார்" என்றான் தம்பி. இப்போது அவன் சிரிக்கவில்லை. "கோபமெல்லாம் இல்ல. விழுந்துடுவான்னு பதறிட்டீங்க. ஆனா கேக்கலையே சார். 'தூக்கவா'ன்னு ஒரு வார்த்தை."

ரயில்வே அதிகாரி கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். தரகரம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. அந்த வேகத்தில்தான் கேட்டாள்.

"சார், இப்ப தூக்கினீங்களே, முதல்ல கை வெச்சது யாரு?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒண்ணாதான் வெச்சோம்" என்றார் ரயில்வே அதிகாரி.

"அப்ப 'அவங்க வரட்டும்'னு யாரும் காத்திருக்கலையே. கையெழுத்தையும் அப்படியே போடுங்களேன் சார். ரெண்டு பிரதி இருக்கு, ரெண்டு பேனா இருக்கு. எதுக்கு முன்னாடி எதுன்னு எந்த ஆடிட்டராலயும் கண்டுபிடிக்க முடியாது."

முதலில் சிரித்தது இயக்குநர்தான். நடைமேடை பெஞ்சில் இரண்டு பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்து தாளைத் தொடையில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் பேனாவைத் திறந்த ரயில்வே அதிகாரி ஒரு வரியில் நின்றார். "இந்த இரும்புப் பலகை முதல் கட்டத்துல முடியாதும்மா. பாதுகாப்புச் சோதனை பண்ணாம போட்டு, யாராவது விழுந்தா நான் பதில் சொல்லணும். ஆறு மாசமாவது ஆகும்."

அவள் தம்பியைப் பார்த்தாள். திங்கட்கிழமை அவன் வேலையில் சேர வேண்டும். பலகைக்காகச் சண்டை போட்டால் கையெழுத்து போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தம்பி மெல்லத் தலையை அசைத்தான். அந்த வரியை அவளே அடித்தாள். "ம்" என்றார் இயக்குநர், "ம்" என்றார் ரயில்வே அதிகாரி, இரண்டு பேனாவும் ஒன்றாக நகர்ந்தன.

திரும்பி வரும் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். ஊருக்கெல்லாம் வழி செய்தாயிற்று, சொந்தத் தம்பிக்கு இல்லை.

"அக்கா, மூக்கைச் சிந்து. பஸ்ல எல்லாரும் நான்தான் உன்னை ஏதோ பண்ணிட்டேன்னு பார்க்கறாங்க."

"வேலை போச்சேடா."

"ஏன் போகணும்? ஆறு மாசம் தூக்கட்டும். போர்ட்டருங்ககிட்ட பேசிட்டேன், நீ கையெழுத்து வாங்கிட்டு இருந்தப்ப. நான் 'ம்'னு சொல்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. எங்க பிடிக்கணும்னு நான் சொல்லுவேன். ஒருத்தர் சிரிச்சிட்டு, 'நீங்க ரொம்ப கறார் தம்பி'ன்னாரு. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு."

அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. வாடகை வீடு, வாசலில் இரண்டு உயரமான படி. வீட்டுக்காரர் இடிக்கவும் விடமாட்டார், பலகை போடவும் சந்தில் இடமில்லை. நாற்காலியோடு தூக்க அவளுக்கு வலுவில்லாததால், முதலில் அவனைத் தூக்கி உள்ளே உட்காரவைப்பாள், அப்புறம் நாற்காலியை எடுப்பாள். வெளியே போய் வருகிற நாளெல்லாம் அப்படித்தான். அன்றும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து அவன் அக்குளில் கை கொடுத்தாள். அவன் முகம் வழக்கம்போல எங்கோ தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. உதட்டில் அந்தச் சிரிப்பு இருந்தது.

அவளுக்குச் சுரீரென்றது. ஐந்து வருடம். யார் யாரையோ கேட்டுக் கேட்டு ஒத்துக்கொள்ளவைப்பதே பிழைப்பாக இருந்தவள், இந்தப் படியில் ஒரு நாள்கூட இவனைக் கேட்டதில்லை. சொந்த அக்கா என்பதால் இவனும் திட்டியதில்லை. வெட்கத்தில் அவள் காது சுட்டது.

கையை எடுத்தாள். சாவியை வாயிலிருந்து எடுத்தாள். அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"தூக்கட்டுமாடா?" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். சந்தில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று.

"தூக்குக்கா" என்றான். இத்தனை நாள் தூக்கும்போதெல்லாம் மடியில் கோத்து வைத்திருந்த கைகளைப் பிரித்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.