உச்சிவேளைக் குஸ்தி

பகல் பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான் குஸ்தி ஹால் பெண்களுக்கு. மற்ற நேரமெல்லாம் ஆண்கள் அணிக்கு. இளமதி நடையாய் நடந்ததைப் பார்த்து, உடற்கல்வி இயக்குநர் ஆனந்தராஜ் மனமிரங்கிக் கொடுத்த நேரம் அது.

"யூனிவர்சிட்டியில பொம்பளப் பிள்ளைகளுக்கு குஸ்தி டீமே கெடையாதும்மா. நானா வேண்டாங்கிறேன்? வெள்ளிக்கிழமை கமிட்டி வருது. எட்டுப் பேரை மேட்ல நிறுத்திக் காட்டு, டீம் உண்டுன்னு எழுதிக் குடுத்துருவாங்க. இல்லைன்னா அடுத்த வருசம் பாப்போம்."

அடுத்த வருடம் இளமதி அங்கே இருக்கமாட்டாள். இது அவளுக்குக் கடைசி வருடம். அறந்தாங்கிப் பக்கத்துப் பெண். பள்ளியில் மாநில அளவில் வெண்கலம் வாங்கியவள். இங்கே சேர்ந்த நாளிலிருந்து ஓரமாக நின்று ஆண்கள் ஆடுவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அணி கேட்டுக் கொடுத்த மனுவில் அவள் எழுதியது கொஞ்சம்தான். ஹால் இருக்கிறது, மேட் இருக்கிறது, கோச் இருக்கிறார். எங்கள் பெயரை எழுத ஒரு தாள்தான் இல்லை. ஒருத்தன் கையைப் பிடித்தால் எப்படி விடுவித்துக்கொள்வது என்று எங்கள் ஊர்களில் பெண்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இங்கே சொல்லித் தரலாம்.

ஹால் வளாகத்தின் கடைக்கோடியில், தைலமரக் காட்டைத் தாண்டி இருந்தது. உச்சிப் பொழுதில் வயசுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது ஹாஸ்டலில் எல்லோரும் நம்புகிற சங்கதி. அந்த நேரத்தில் காட்டில் ஒரு இலை அசையாது. தைல வாடை மட்டும் மூக்கில் ஏறும். அப்படியும் இளமதிக்குத் துணையாக ஏழு பேர் துணிந்து வந்தார்கள். முதலில் வந்தவள் அவளுடைய அறைத்தோழி சரண்யா.

தூக்கி எறிந்து பழக ஒரு டம்மி வேண்டும். ஆண்களின் டம்மி எழுபது கிலோ. அதனால் இவர்களே கித்தான் துணியில் கை, கால், தலையோடு ஒன்று தைத்தார்கள். ஹாஸ்டல் முழுக்கப் பழந்துணி கேட்டு வாங்கி உள்ளே திணித்தார்கள். சமையல்கட்டுத் தராசில் வைத்தபோது முப்பத்தைந்து கிலோ நின்றது.

மறுநாள், படுக்கப் போட்டுவிட்டுப் போன டம்மி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. பையன்கள் வேலை என்று சிரித்தார்கள். அதற்கு அடுத்த நாள் சரண்யா அதன் இடுப்பைக் கட்டிப் பிடித்தவள், வீறிட்டுக்கொண்டு விலகினாள்.

"சுடுதுடி! காச்சக்காரி மேலு மாதிரி சுடுது!"

"தகரக் கூரைடி. வெயிலு" என்றாள் இளமதி.

ஆனால் மேட் சுடவில்லை. சுவரும் சுடவில்லை. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஹாலில் இளமதி மட்டும்தான் இருந்தாள்.

அவள் குனிந்து டம்மியைக் கட்டிப் பிடித்தாள். வரவில்லை. முப்பத்தைந்து கிலோவா அது? ஒரு முழு ஆள் கனம் கனத்தது. கித்தானுக்குள்ளிருந்து சூடு அவள் கன்னத்தில் ஏறியது. ஓடிவிடு என்றன கால்கள்.

அவள் ஓடவில்லை. காய்ச்சல்காரியை விட்டுவிட்டு எப்படி ஓடுவது? தண்ணீர் பாட்டிலைத் திறந்து தன் துண்டை நனைத்தாள். நான்காக மடித்து, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்ச நேரம் படுத்திரு" என்றாள். சொன்னதும் அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் பயம் பாதி குறைந்திருந்தது. பயத்தைத் துரத்தக் கடவுள் நம்மிடம் பெரிதாக எதையும் கேட்பதில்லை. சில நேரம் ஒரு ஈரத்துண்டு போதும்.

அவள் உள்ளங்கைக்குக் கீழே துணி ஒரு முறை மெல்ல எழும்பி அடங்கியது.

அன்று சாயங்காலம் துணி கொடுத்தவர்களை ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டு போனாள். ஹாஸ்டல் சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் ராசாத்தியிடம் வந்தபோது, அவள் கை சாம்பலோடு அப்படியே நின்றுவிட்டது.

"தப்புப் பண்ணிட்டேன் பாப்பா. அது எம்மக அன்புமொழி துணி."

செத்தவர் உடுத்தியதை வீட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்தப் பக்கம் இல்லை. கருமாதியோடு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ராசாத்திக்கு மனசு வரவில்லை. மூன்று வருடமாகப் பெட்டிக்கடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

"இங்கதான் படிச்சா. குஸ்திக்குப் பேர் குடுத்தா. பொம்பளைக்கு இல்லைன்னு, அவ எழுதிக் குடுத்த பாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அந்த மாசமே காச்சல் கண்டு போயிட்டா. குஸ்தி பழக ஒரு ஒடம்பு செய்யுறோம், துணி குடுங்கன்னு நீங்க வந்து கேட்டீங்கள்ல... ஒடம்புன்னதும் தூக்கிக் குடுத்துட்டேன்."

இதைக் கேட்ட சரண்யா ஒரே பேச்சாகச் சொன்னாள்: "பிரிச்சு அந்தத் துணிய எடுத்து எரிச்சிரு. நாளான்னைக்கு மத்த ஆறு பேரையும் நானே கூட்டியாரேன். இல்லைன்னா ஒருத்தியும் வரமாட்டா. ஒனக்கு டீம் வேணுமா, அது வேணுமா?"

வியாழக்கிழமை உச்சியில் இளமதி கத்தரிக்கோலோடு போனாள். விலாப்பக்கம் நாலு தையலை வெட்டியதும் மஞ்சள் சுடிதார் ஒன்று தெரிந்தது. ஓரம் பார்த்து மடித்து, கையால் நீவி வைத்திருந்தது. பழந்துணியை யாரும் அப்படி மடித்துக் கொடுப்பதில்லை. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஊசி எடுத்து, வெட்டிய தையலைத் திரும்பப் போட்டாள். இனி எட்டுப் பேருக்கு வழியில்லை என்று அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

திரும்பும் வழியில் ராசாத்தியிடம் சொன்னாள்: "அக்கா, நாளைக்கு மத்தியானம் ஹாலுக்கு வாங்க. வாசல்ல சும்மா ஒக்காந்திருங்க. அவ தனியா இருக்கா."

வெள்ளிக்கிழமை கமிட்டியிலிருந்து அழகம்மாள் வந்தார். ஒரு காலத்தில் பளுதூக்கியவர். பேச்சிலும் அந்தக் கனம் இருந்தது. கூடவே ஆனந்தராஜ். தூரத்தில் தைலமரங்களுக்கு நடுவே அந்த ஏழு பேரும் நின்றார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கிட்டே வரவில்லை.

"எட்டுப் பேர் எங்கம்மா?"

"அங்கிட்டு நிக்கிறாங்க மேடம். உள்ள வரப் பயப்படுறாங்க."

"பயப்படுறவங்களுக்கு எதுக்குக் குஸ்தி? சீட்டாடச் சொல்லு" என்றவர், டம்மியை ஷூ முனையால் நெம்பினார்.

"காலால தள்ளாதீங்க மேடம்."

குரல் ஏறிவிட்டது. ஆனந்தராஜ் தலையைக் குனிந்துகொண்டார். அழகம்மாள் இளமதியை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார். "சரி. தூக்கிக் காட்டு."

இளமதி குனிந்து பிடித்தாள். அதே கனம். அதே சூடு. அவள் அதன் காதோரம் சொன்னாள்: "நீயும் பாரம் எழுதிக் குடுத்தவதானே அன்பு. கொஞ்சம் எந்திரிச்சு வாடி."

அது வந்தது. அதன் பாதம் தரையை உந்த, கூட ஆடுகிறவள் எழும்பிக் கொடுப்பதுபோல் வந்தது. இளமதி இடுப்பில் ஏற்றி வீசினாள். விழும்போது அந்தத் தலை உள்ளே ஒடுங்கிக்கொண்டது. பழகியவர்கள் மட்டும்தான் அப்படி விழுவார்கள். அழகம்மாளின் பேனா அந்தரத்தில் நின்றது.

வாசலில் இருந்த ராசாத்தி எழுந்து தைலமரங்களை நோக்கி நடந்தாள். அவள் பேசியது அந்த அமைதியில் ஹால் வரைக்கும் கேட்டது.

"எம்புள்ளதான் ஆத்தா. யாரையும் ஒன்னும் செய்யமாட்டா. வெளையாடக் கூப்பிடுவாங்கன்னு இருக்கா, அம்புட்டுத்தான். ஒங்க வயசுதான். வாங்க, நான் வாசல்லயே இருக்கேன்."

ஒருத்தி வந்தாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தி. ஆறு பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தியும் பல்லைக் கடித்துக்கொண்டு டம்மியைத் தூக்கினாள். ஒவ்வொருத்திக்கும் அது எழும்பிக் கொடுத்தது.

அழகம்மாள் எண்ணினார். "இவளோட ஏழு. ரூல் எட்டும்மா. நான் மாத்த முடியாது." ஃபைலை மூடப் போனார்.

இளமதி வாசலைப் பார்த்தாள். சரண்யா படிக்கட்டில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள், திரும்ப மாட்டினாள், திரும்பக் கழற்றினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மேட் மேல் ஏறி நடந்து, இரண்டு கையாலும் டம்மியைக் கட்டிக்கொண்டாள்.

"இளமதி... இன்னும் சுடுதுடி."

"தெரியும். மெதுவாப் பிடி."

சரண்யா தூக்கினாள். அழகம்மாள் ஃபைலைத் திரும்பத் திறந்து எட்டாவது பெயரைக் கேட்டு எழுதினார். "திங்கக்கிழமையிலருந்து காலையில ஆறு மணி பொம்பளப் பிள்ளைகளுக்கு. ஆம்பளைங்க ஏழரைக்கு வரட்டும்" என்றார். ஆனந்தராஜ் சரி என்று தலையாட்டி, முடிந்தது என்பதற்கு விசில் ஊதினார்.

விசில் ஊதியும் சரண்யா விடவில்லை. கண்ணைத் திறக்காமலே நின்றாள். அவளுடைய ஒரு கை மட்டும் அந்தக் கித்தான் முதுகை மெல்லத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.