விசிலுக்குப் போட்ட ஓட்டு

அவள் அப்பாவின் தலையணையைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கும்போதே கிளப் தலைவர் வாயை விட்டுவிட்டார். "கோச், நீங்க இருக்கிற வரைக்கும் நீங்கதான் தலைமைப் பயிற்சியாளர். வேற யாரையும் போடல."

பச்சைப் பொய். காலையில்தான் கூடைப்பந்து கிளப்பின் நிர்வாகக் குழு கூடி முடிவெடுத்திருந்தது. இரண்டு பக்கமும் சமமாக நின்றபோது, செயலாளரான அவள் தூக்கிய கைதான் தீர்த்துவைத்தது. ஒரு பக்கம் துணைப் பயிற்சியாளர், அவள் கூடப்பிறந்த தம்பி. இன்னொரு பக்கம், எல்லாரும் 'விசில்' என்று பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆள். நடுவராக இருந்த காலத்தில் அப்பாவை மைதானத்தைவிட்டே வெளியேற்றிய மனுஷன். அந்தப் பெயரைக் கேட்டாலே அப்பாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்குத்தான் அவள் ஓட்டுப் போட்டாள். தம்பி கெட்டிக்காரன்தான், ஆனால் ஒரு பந்து தவறினால் போதும், பையன்களைக் கடித்துக் குதறிவிடுவான்.

தம்பி அப்போதிருந்தே அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது கிடக்கட்டும். இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா தன்மேல் கோபத்தோடு போய்விடுவாரோ என்றுதான் அவள் பயந்தாள்.

அப்பா தலைவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்யா, நாளைக்கு அரையிறுதி. கோச் இல்லாமலா பசங்கள இறக்கப்போறே? நான் என்ன, கட்டிலோட வரவா?"

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். இனி மறைத்துப் பிரயோசனமில்லை.

"விசிலப் போட்டிருக்கோம்ப்பா," என்றாள். "என் ஓட்டுலதான் வந்தாரு."

அப்பாவின் கண்கள் தம்பியிடம் போய்த் திரும்பின. அப்புறம் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்துத் தண்ணீரை எடுத்தாள். பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

"எமகாதகி! நானா இருந்தாலும் அவனத்தான் போட்டிருப்பேன். வெளிய சொல்லிடாத." தம்பியைப் பார்த்தார். "டேய், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம அவனப் போய்க் கூட்டிட்டு வா. நம்ம பசங்களப் பத்தி அவனுக்கு என்ன தெரியும்?"

தம்பி முனகிக்கொண்டேதான் போனான். ஆனாலும் போனான்.

வந்த விசில் வாசலில் கொஞ்சம் தயங்கினார். அவ்வளவுதான் மரியாதையெல்லாம். சற்று நேரத்தில் இருவரும் கட்டிப் புரளாத குறை. ஒரு தட்டில் டம்ளரைக் கூடையாக நிறுத்தி, மருந்து பாட்டில் மூடிகளை ஆட்டக்காரர்களாகப் பரப்பியிருந்தார்கள்.

"நெட்டையனக் கூடைக்குக் கீழயே நிறுத்து."

"முடியாது கோச். அவன் தூரத்துல நின்னு எறியட்டும்."

"எறிஞ்சு கிழிச்சான்!"

"மாமா, அப்பா சொல்றதுதான் சரி," என்று தம்பியும் பொறுக்கமாட்டாமல் கட்டிலோரம் உட்கார்ந்து மூக்கை நுழைத்தான். அப்பாவை இத்தனை குஷியாகப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று.

விசில் நெட்டையனின் மூடியைத் தட்டின் ஓரத்துக்கே தள்ளினார். "இங்கதான் நிப்பான். இதுக்கு என்ன சொல்றீங்க?"

அப்பாவின் பாதி மூடிய கண்கள் தட்டின் மேலேயே இருந்தன.

"சொல்லுங்க கோச்."

தம்பி அப்பாவின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். பிறகு அக்காவின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான்.

விசில் குனிந்து, நெட்டையனின் மூடியை எடுத்து டம்ளரை ஒட்டினாற்போல் வைத்தார்.