பதினொன்று பத்தில் நின்ற நேரம்

கழக்கூட்டத்துக் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் தரை துடைக்கும் ஆவுடைத்தாய் நாற்பது வயதுக்கு மேல்தான் வாசிக்கப் பழகினாள். அங்கே சுவர்த்திரையில் சர்வர் நலமாக இருந்தால் பச்சை எரியும். அதன் கீழே, ஆஸ்பத்திரிச் செய்திகளை வேளாவேளைக்கு அனுப்பும் ஷெட்யூலர் என்ற புரோகிராம் கடைசியாக இயங்கிய நேரம் மாறிக்கொண்டே இருக்கும்.

அன்று அந்த நேரம் பதினொன்று பத்திலேயே நின்றது. பச்சை மட்டும் எரிந்தது. படித்தவர்களுக்குத் தெரியாததா, நாம்தான் தப்பாக வாசித்திருப்போம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு, அந்தத் திரையைக் கவனிக்கும் அனுஷா தலையில் கைவைத்தாள். டயாலிசிஸ் நேரம் நாலு மணிக்கு மாறிய செய்தி பன்னிரண்டு நோயாளிகளுக்குப் போகவில்லை.

“பச்சைய நம்பிட்டேன் அக்கா. அது வெப் பக்கம் திறக்குதான்னு மட்டும்தான் பாக்கும், செய்தி போகுதான்னு பாக்காது.”

“நேரம் காலைலயே நின்னு கிடந்துச்சு மோளே. நான் பாத்தேன்.”

“பாத்தீங்களா? ஒரு வார்த்த பறஞ்சிருக்கக் கூடாதா?”

“நான் வாசிச்சதுல எனக்கே நம்பிக்கை இல்லியே.”

அனுஷா நோயாளிகளை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தாள். இரண்டு பேர் எடுக்கவே இல்லை. ஆவுடைத்தாய் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல், “இப்பவாவது எடுத்தாங்களா மோளே?” என்று கேட்டுக்கொண்டே நின்றாள்.